மொத்தமே ஐம்பது

நாணயம் சேர்க்கும் காகம் ஒன்று இருந்தது. முதலில் கிடைத்த, யானை பொறித்த நாணயத்தை அது நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்து மகிழ்ந்தது. அதைக் கேள்விப்பட்டு வால்காக்கை ஒன்று நாணய வியாபாரத்துக்கு வந்தது.

"அண்ணே, மயில் படம் போட்ட நாணயம்! மொத்தமே ஐம்பதுதான். இனிமே அடிக்கவே மாட்டாங்க."

காகம் பதறிப்போய், வாயிலிருந்த இரையைக் கொடுத்து வாங்கியது. மறுநாள் மான் நாணயம் வந்தது. அதற்கடுத்த நாள் அதே மான் பொன்முலாம் பூசிக்கொண்டு வந்தது. எல்லாமே ஐம்பதுதான். காகம் அரைவயிற்றோடு அலைந்தது. கண்ணை மூடினால், எதையோ தவறவிட்டதுபோல் திடுக்கிட்டு விழித்தது.

ஒருநாள் பாரம் தாங்காமல் கூடு சாய்ந்தது.

"நான் முட்டையிட வேண்டாமா? பிடிச்சதுல நாலை வச்சுக்கிட்டு மத்ததைத் தள்ளுங்க" என்றது அதன் ஜோடியான பெண்காகம்.

காகம் கிளறிக் கிளறிப் பார்த்தது. நாலென்ன, ஒன்றைக்கூட அதனால் பிடித்ததென்று எடுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் காலால் தள்ளிவிட்டது. பெண்காகம் கூட்டில் நிம்மதியாக உட்கார்ந்தது.

காகம் மட்டும் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தது.

"இன்னும் என்ன தேடுறீங்க?"

"ஒண்ணும் வாங்கப்போறதில்ல. இன்னைக்கு என்ன வந்திருக்குன்னு சும்மா பார்த்துட்டு வந்துடறேன்."