மூன்றாவது கார்டு

கிட்டாரின் வயிற்றுக்குள் சிலந்தி கட்டியிருந்த வலையில் கொசு வசமாக மாட்டிக்கொண்டது. வெளியே எட்வின் புளூஸ் பாட்டுக்கான மூன்று கார்டுகளை, பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி மீட்டும் சுரக்கூட்டுகளை, பழகிக்கொண்டிருந்தான்.

"சத்தம் நிக்கட்டும், உன்னைச் சாப்பிடறேன்," என்றது சிலந்தி. "மூணாவது கார்டுக்கு விரல் எட்டாம கிட்டாரை வச்சிடுவான். தினமும் இதே கதைதான்."

முதல் கார்டு ஒலித்தது. இரண்டாவதுக்குப் போய், மறுபடி முதலுக்கே வந்தது. அப்புறம் சத்தமே இல்லை. சிலந்தி ஒரு காலை எடுத்து வைத்தது.

"கைவிட்டுடாதீங்க எட்வின் சாமி, உங்க கால்ல விழறேன்!" என்று கொசு கதறியது.

விரல்கள் தடவித் தடவி இடம் பிடித்தன. பிடிபட்ட குஷியில் எட்வின் ஓங்கி ஒரு மீட்டு மீட்டினான். பெட்டியே அதிர்ந்து வலை பிய்ந்தது.

கொசு நேராக அவன் காதோரம் பறந்து வந்தது.

"மூணாவது கார்டு கொஞ்சம் லேட்டு, தம்பி."