புதுசாகிப் போன தராசு

பெருச்சாளி அண்ணாச்சி ஒரு கம்பு மண்டி நடத்திவந்தார். மூட்டை சுமக்க எறும்புகள் இருந்தன. எல்லாருக்கும் ஒரே கூலி, அதுவும் கம்பாகத்தான். சந்தையில் முழு விலை கொடுத்து வாங்கிய தராசில்தான் அதை நிறுத்துக் கொடுப்பார்.

ஒரு கூலி நாளன்று காலையில் தராசின் முள் அசையவே இல்லை.

"அண்ணாச்சி, இனிமே மாசாமாசம் எனக்கு ஒரு படி கம்பு தந்தாத்தான் நிறுப்பேன்" என்றது தராசு.

"உன்னைத்தான் மொத்தமா வாங்கிட்டேனே!"

"அது பழைய தராசு. ராத்திரியோட நான் புதுசாகிட்டேன். கூலியும் இனிமே கால் கணக்குதான். ஆறு கால் இருந்தா முழுக் கூலி."

வரிசையில் நின்ற பேச்சி எறும்புக்கு ஐந்தே கால்கள். "நானும் அதே மூட்டையைத்தானே தூக்குறேன், அண்ணாச்சி?" என்றது.

"இன்னிக்குக் கூலி இல்லைன்னா நாங்க எதிர் மண்டிக்குப் போறோம்" என்றன மற்ற எறும்புகள்.

பெருச்சாளி தராசின் ஒரு தட்டைக் கழற்றினார்.

"ஐயோ, நான் இல்லாம அளவு தப்பிடும்!"

"தப்பினா கொஞ்சம் கூடத்தான் போகும். போகட்டும்."

ஆளுக்கு ஒரு தட்டு, கோபுரமாக அள்ளிக் கொடுத்தார். முதல் தட்டு பேச்சிக்கு.

மழைக்காலம் வந்தது. மூலையில் தொங்கிய தராசுக்கோல் குழைந்து பேசியது. "அண்ணாச்சி, இந்த மாசம் இலவசமாவே நிறுக்கிறேன்."

பெருச்சாளி எதையும் மறக்கிற ஆள் இல்லை.

"ஆடாமத் தொங்கு. உன் மேல ஈரச் சாக்கு காயுது."