அடிபடாத கழுதை

உப்பளத்துக்கும் சந்தைக்கும் நடுவே ஓர் உப்பங்கழி ஓடியது. அதன்மேல் இருந்த மரப்பாலத்தில் உப்பு மூட்டை சுமந்துதான் கழுதை வயிறு வளர்த்து வந்தது. ஒருநாள் கவனமில்லாமல் வந்த படகு மோதி, பாலத்தின் இரண்டு கால்கள் முறிந்தன.

பல நாள் கழித்து, நியாயம் சொல்லும் ஆமையிடம் வழக்கு போனது. "பாலத்துக்குப் படகு புதுக்கால் போட்டுத் தரட்டும்," என்றது ஆமை.

கழுதை முன்னால் வந்தது. "ஐயா, வேலை முடிய மழைக்காலம் தாண்டும். அதுவரை என் தீனிக்கும் படகு வழி செய்யட்டும்."

"படகு உன்மேல் எங்கே மோதியது?"

"மோதவில்லை ஐயா. ஆனால் என் விலா எலும்பைப் பாருங்கள்."

"அது பசி. காயமில்லையே."

"காயமாக இருந்தால் இந்நேரம் ஆறியிருக்கும் ஐயா."

ஆமை கழுதையின் பின்னால் எட்டிப் பார்த்தது. பிறகு, "நீ சொல்வது பொய்யில்லை. ஆனால் உனக்குக் கொடுத்தால், உன் பின்னால் நிற்பவர்களுக்கு என்ன சொல்வேன்? ஒரு படகு எத்தனை பேருக்குத் தீனி போடும்?" என்றது.

கழுதை திரும்பிப் பார்த்தது. சந்தைக் கழிவுக்காகத் தினமும் பாலம் தாண்டிய ஆடு, மீன்தலைக்காகப் போய்வந்த நாய், இன்னும் யார் யாரோ, எல்லோரும் எலும்பும் தோலுமாக நின்றார்கள். தான் மட்டும்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தது கழுதை. அதற்குக் கோபம்கூட வரவில்லை. கால்தான் வலித்தது.

கழியைச் சுற்றிப் போனால் சந்தைக்கு ஒன்றரை நாள் நடை. மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு கழுதை கிளம்பியது.

ஆடு பின்னாலேயே வந்து, "அந்த வழியில் புல் இருக்குமா அண்ணே?" என்று கேட்டது.

"தெரியாது. நடந்து பார்ப்போம், வா."