பின்னணி இசை இலவசம்

“நாலு காப்பி போடணும் தம்பி. அசலுக்கும் காப்பிக்கும் வித்தியாசமே தெரியக்கூடாது,” என்று வீட்டில் பதிந்த கல்யாண விசிடியை நீட்டினாள் நல்லம்மாள்.

“டிஜிட்டல் லா ஆன்டி! ஒரு புள்ளிகூட மங்காது,” என்றான் பிரிக்பீல்ட்ஸ் வீடியோ கடை சபாபதி. டிஸ்க்கைப் போட்டு ஒரு நிமிடம் பார்த்தவன் முகம் சுளித்தான்.

“கேமரா பிடிச்சது யாரு ஆன்டி? தாலி கட்டுறப்பகூட வாயை மூடலை. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில மீன் விக்கிறவன் தோத்துடுவான்! இந்தச் சத்தத்தை எடுத்துட்டு நாதஸ்வரம் போட்டுத் தரேன். எல்லாருக்கும் அப்படித்தான் செய்றோம். காசு வேணாம்.”

“ஐயோ, சத்தத்துல கை வைக்காதே தம்பி!”

“அட, அவ்வளவு இனிமையான குரலா?” என்று சிரித்தான்.

“என் பெரிய மகன்பா. தங்கச்சி கல்யாணத்தை அவனேதான் எடுத்தான். கேமரா அவன் கையிலேயே இருந்ததால ஒரு இடத்துலயும் அவன் முகம் இல்லை. போன மாசம் ஃபெடரல் ஹைவேயில லோரி மோதிப் போயிட்டான். மத்த நாலு பிள்ளைங்களும் அவன் குரலைத்தான் கேக்குறாங்க.”

சபாபதி டிஸ்க்கின் ஒலியைக் கூட்டினான்.

“அம்மா, இங்க பாருங்க! கொஞ்சம் சிரிங்க லா!”

கடையில் நின்றபடியே நல்லம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.