நுரைக்காத மருந்து

“எறங்காத மாப்ள,” என்றார் சிவபாண்டி. கைலியை மடித்துக் கட்டிய சுடலை காதில் வாங்கவில்லை.

சிவபாண்டி எழுமலைக்காரர். அறுவடை முடிந்த மேலூர் வயல்களில் வாத்து மேய்க்க வந்தவர். அன்று காலை குட்டையில் இறங்கிய வாத்துகள் ஒவ்வொன்றாக அமிழ்ந்தன. கத்தவில்லை, சிறகடிக்கவில்லை. யாரோ காலைப் பிடித்து மெல்ல இழுத்ததுபோல உள்ளே போயின. நாற்பத்திரண்டு போய்விட்டன. மீதி கரையேறி ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.

சுடலை கூலிக்கு மருந்து அடிப்பவன். வேளாண் அலுவலர் ஸ்ரீவர்ஷினி வந்ததும் தானாகவே ஒப்புக்கொண்டான். பூச்சிமருந்து இலையில் பரவி ஒட்டுவதற்குக் கலக்கும் திரவம், இரண்டு கேன் வாங்கியிருந்தான். கலக்கிப் பார்த்தால் நுரையே இல்லை. கடைக்காரன் வெறும் தண்ணீரை அடைத்துக் கொடுத்துவிட்டான் என்ற ஆத்திரத்தில், முந்தின நாள் அத்தனையையும் குட்டையில் கொட்டிவிட்டான்.

“இதுல நுரைக்காத ரகமும் இருக்குண்ணே. நுரையப் பாத்தா முடிவு பண்ணுவீங்க?” என்றாள் அவள்.

குட்டையின் உப்புத் தண்ணீரிலும் அது சோப்பைப்போலத் திரிந்து வீணாகாதாம். வாத்தை மிதக்கவைப்பது இறகின் எண்ணெய்ப் பூச்சும் உள்ளே தங்கும் காற்றும்தான். இந்தத் திரவம் கலந்தால் தண்ணீர் இறகுக்குள் புகுந்துவிடும். காற்று போனால் வாத்து, நனைந்த துணிதான்.

சிவபாண்டி கரையில் நின்ற வாத்துகளைக் காட்டினார்.

“முப்பது வருசமா இதுகளோட கெடக்கேன். வாத்து தண்ணியப் பாத்து நடுங்குறத இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

“அம்புட்டும் என்னால வந்ததுண்ணே. செத்ததையாவது எடுத்துத் தாரேன். இடுப்பளவு தண்ணிக்குள்ள எந்த முனி குடியிருக்கு?” சுடலை இறங்கினான்.

ஸ்ரீவர்ஷினி தன் அறிக்கைக்காகக் குட்டைத் தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டாள். திரவம் கலந்த தண்ணீர் மேலே ஊசியைத் தாங்காது. கோப்பிலிருந்து ஒரு குண்டூசியை உருவி, படுக்கைவாக்கில் பதமாக வைத்தாள்.

மிதந்தது.

இன்னொன்றை வைத்தாள். அதுவும் மிதந்தது. கடைக்காரன் ஏமாற்றித்தான் இருக்கிறான். சுடலை கொட்டியது வெறும் தண்ணீர்.

“அண்ணே, மேல வந்துருங்க,” என்று நிமிர்ந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் சுடலை நின்ற இடத்தில் ஒரு அலைகூட இல்லை.