கொழும்புக் கை

துரைப்பாண்டி துண்டுக்குள் என் நாலு விரலைப் பிடித்து விட்டான்.

நாலு விரல் என்றால் குவிண்டாலுக்கு நானூறு ரூபாய். எங்கள் சங்கரன்கோவில் மிளகாய் வத்தல் மண்டியில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. தரகனான என் கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துக் கேட்பார்கள். ஒருத்தன் கேட்டது அடுத்தவனுக்குத் தெரியாது.

அன்று தெரிந்துதான் இருந்தது. துரைப்பாண்டியும் மற்ற இரண்டு வியாபாரிகளும் டீக்கடையிலேயே பேசி முடித்து வந்திருந்தார்கள். மூன்று பேருக்கும் அதே நாலு விரல்.

போன வருஷம் இதே வத்தல் எட்டுக்குப் போனது. இந்த எண்பத்துமூன்றில், ஆடித்தபசுக் கூட்டம் ஊர் திரும்பிய வாரம், கொழும்பில் தமிழர் கடைகள் எரிகிற சேதி ரேடியோவில் வந்தது. தூத்துக்குடியில் சரக்கு தோணி ஏறவில்லை. அங்கே வைத்த தீயில் இங்கே விலை பாதியாகக் கருகிவிட்டது.

மேலநீலிதநல்லூர் இசக்கித்தாய் அந்தக் கொழும்பு லோடை நம்பித்தான் பன்னிரண்டு மூட்டையை ஆவணி வரை காத்து வைத்திருந்தாள். புருஷன் இல்லை. மானாவாரிக் காடும் ஒரு ஜோடி மாடும்தான் அவளுக்கு.

"இந்த வெலைக்குக் குடுத்தா உழவு மாட்டைத்தான் விக்கணும் சாயபு. பொறவு எதை வச்சு விதைப்பேன்?"

தலையைத் திருப்பினேன். வாசலில் சத்தியநாதன் அண்ணாச்சி நின்றிருந்தார்.

நாசரேத்துக்காரர். கொழும்பில் பெரிய வத்தல் கடை. வருஷா வருஷம் வந்து நூறு மூட்டைக்குக் குறையாமல் பிடிப்பவர். அதே வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, இசக்கித்தாய் சொன்னதைக் கேட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

வியாபாரிகள் மூன்று பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

நேராக உள்ளே வந்தார். ஒரு வத்தலைக் கிள்ளி மோந்து பார்த்தார். துண்டுக்குள் கையை விட்டார். நிதானமாக இருந்தார்.

முப்பது வருஷமாகத் தரகு பார்க்கிறேன். என் முகத்தைப் பார்த்து எவனும் விலையைக் கண்டுபிடித்ததில்லை. அன்று அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

துரைப்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, கொழும்பு தொறந்துட்டா?"

"வத்தல் நல்ல நெறமா இருக்குவே," என்றார் அவர்.

பிறகு பார்க்கணுமே! டீக்கடை ஒப்பந்தம் டீ ஆறுவதற்குள் முறிந்தது. துண்டுக்குள் ஒருத்தன் அஞ்சு விரல் பிடித்தான், அடுத்தவன் ஆறு. கடைசியில் துரைப்பாண்டி என் கையை முழுசாகப் பிடித்து, விட்டு, மறுபடி மூன்று விரலைப் பிடித்தான்.

எட்டு.

இசக்கித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். துரைப்பாண்டி கொழும்பையே ஜெயித்தவன் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு போனான்.

எல்லோரும் கலைந்த பிறகும் அண்ணாச்சி நின்றிருந்தார். கிட்டப் போனபோதுதான் பார்த்தேன், சட்டை அவருடையதில்லை. தோளில் தொங்கியது.

"எனக்குன்னு சரக்குப் பிடிச்சு வச்சிராதீயன்னு சொல்லத்தான் வந்தேன் பாய். கடை எரிஞ்சு போச்சு," என்றார். கொஞ்சம் தயங்கினார். "நாசரேத் போக பஸ்சுக்குக் காசு இருக்குமா?"

அகதிக் கப்பலில் வந்து இறங்கிய மனிதர், ஊரில் இருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் முகத்தைக்கூடப் பார்க்காமல் முதலில் இங்கே வந்திருக்கிறார். அப்படி ஒருவரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

துண்டுக்குள் அவர் எந்த விலையும் கேட்கவில்லை. ஒரு விரலையும் தனியாகத் தொடவில்லை. என் கையை இறுகப் பிடித்தபடி இருந்தார், அவ்வளவுதான்.

அவர் கை நடுங்கியது வெளியே தெரியாதபடி துண்டை நான்தான் இழுத்துவிட்டேன்.