சிவப்புக் கோடு

வாட்ச் அவன் கையில் இருந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் ஒரு விமானப் படம். அதன் குறுக்கே சிவப்புக் கோடு. கீழே, பன்னிரண்டு மணி நேரம்.

இருவரும் அப்போதுதான் கடலிலிருந்து படகில் ஏறியிருந்தார்கள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தூரத்தில் புதுச்சேரிக் கரை வெயிலில் மங்கிக் கிடந்தது.

நண்பகல். அவன் விமானம் மறுநாள் விடிகாலை ஐந்து நாற்பதுக்கு, சென்னையிலிருந்து. மாலத்தீவில் வேலை. இரண்டு வருட ஒப்பந்தம்.

பன்னிரண்டு மணி நேரம் என்றால் அவனுக்குத் தாராளம்.

கடலுக்கடியில் சிலிண்டர் காற்றை இழுத்தால் நைட்ரஜன் உடம்பில் ஊறும். அது வடியும்வரை விமானம் ஏறக்கூடாது. ஒருமுறை இறங்கினால் பன்னிரண்டு மணி நேரம். அன்றே மறுபடி இறங்கினால் பதினெட்டு. மூன்று வருடமாக ஒரே பயிற்சி நிலையத்தில் இருவரும் வகுப்புக்கு வகுப்பு சொல்லிக்கொடுத்த பாடம் இது.

பதினெட்டு என்றால் அவனால் போக முடியாது.

காலையிலிருந்தே அவள் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்தப் பாழாய்ப்போன வார்த்தைதான் வாயில் வரவில்லை.

ஆழமும் நேரமும் கணக்கிடும் அவனுடைய டைவ் கம்ப்யூட்டர் பயணப் பெட்டிக்குள் போய்விட்டிருந்தது. அதனால் தன் ஸ்மார்ட்வாட்சைக் கழற்றி அவனுக்குக் கட்டிவிட்டாள். கரையில் இருக்கும்போது அவள் எத்தனை அடி நடந்தாள் என்று எண்ணும் வாட்ச். கொஞ்சம் உட்கார்ந்தால் எழுந்திரு என்று நச்சரிக்கும். தண்ணீரில் இறங்கியதும் பொறுப்பு வந்துவிடும். ஆழம், நேரம், இதயத் துடிப்பு என்று காட்ட ஆரம்பிக்கும்.

ஒரு வாட்ச் ஒரு உடம்புக்குத்தான். நடுவில் கை மாறக்கூடாது. மாறினால் யார் உடம்பில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று அதற்குத் தெரியாமல் போய்விடும். மாற்றிக் கட்டிக்கொள்ளலாமா என்று மாணவர் யாராவது கேட்டால் அவள் பிடிபிடியென்று பிடித்துவிடுவாள்.

இன்று ஒரே வாட்சை வைத்துக்கொண்டு இருவரும் இறங்கினார்கள்.

நாற்பது நிமிடம் அவன் தோளை ஒட்டியே நீந்தினாள். ஆழம் பார்க்க ஒவ்வொரு முறையும் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது.

அவ்வளவு தடவை பார்க்கத் தேவையே இல்லை.

படகில் இன்னும் இரண்டு சிலிண்டர்கள் இருந்தன. படகுக்காரர் தேசிங்கு அண்ணன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். ஒரு மணி நேரம் படகிலேயே கழிந்தது.

அவள் ஒரு சிலிண்டரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னொரு தடவை போலாமா?"

சாதாரணமாகக் கேட்டதாகத்தான் நினைத்தாள். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

அவன் சிலிண்டரைப் பார்த்தான். வாட்சைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

வகுப்பு எடுத்தவனுக்குப் புரியாதா?

தேசிங்கு அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அவன் வாட்சைக் கழற்றினான். அவள் கையை எடுத்துத் தன் முட்டியில் வைத்துக் கட்டிவிட்டான். பட்டையில் எந்தத் துளை அவளுக்குச் சரியாக இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"நீ எறங்கு. நான் மேலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

அவள் இறங்கினாள். கோபத்தில்தான் இறங்கினாள்.

பத்து மீட்டரில் மணல். முட்டி போட்டு அண்ணாந்து பார்த்தாள்.

அவன் மேலே குப்புற மிதந்துகொண்டிருந்தான். சிலிண்டர் இல்லை. முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் மட்டும். விமானம் ஏறவேண்டியவன் வரக்கூடிய தூரம் அவ்வளவுதான். அதுவரை வந்திருந்தான்.

அவள் விட்ட குமிழிகள் மேலே போய் அவன் நெஞ்சில் உடைந்தன.

அவன் விலகவில்லை.

முகக் கண்ணாடிக்குள் அழக்கூடாது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. அழுதாள்.

மறுபடி படகில் ஏறியபோது மணி இரண்டு. அவள் கையில் வாட்ச் பதினெட்டு மணி நேரம் என்றது.

மாலையில் அவன் காரில் சென்னைக்குக் கிளம்பினான். ஜன்னலுக்கு வெளியே வெறும் கையை நீட்டி ஆட்டினான்.

மறுநாள் ஐந்து நாற்பதுக்கு அவள் விழித்துத்தான் இருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து வாட்சைத் தட்டினாள்.

நேற்றைய பதிவு வந்தது. முதல் முறை, பன்னிரண்டு மீட்டர், நாற்பது நிமிடம். இரண்டாம் முறை, பத்து மீட்டர், அரை மணி நேரம். இரண்டுக்கும் மேலே அவள் பெயர்.

முதலாவதில் துடித்தது அவன் இதயம். இரண்டாவதில் அவளுடையது. வாட்சுக்கு அது தெரியவில்லை. இரண்டையும் ஒரே உடம்பாக எண்ணி, பறக்கக்கூடாது, இன்னும் இரண்டு மணி இருபது நிமிடம் என்றது.

அவன் இந்நேரம் பறந்துகொண்டிருப்பான்.

எட்டு மணிக்குச் சிவப்புக் கோடு அழிந்துவிடும். அப்புறம் வாட்சில் அவள் மட்டும்தான்.

அதற்குள் மறுபடி இறங்கினால் அழியாது. உடம்பில் இருக்கும் மிச்சத்தையும் சேர்த்துக்கொண்டுதான் புதுக் கணக்கு ஓடும். அதுவும் அவள் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

அன்று அவளுக்கு விடுமுறை.

தேசிங்கு அண்ணனுக்குப் போன் செய்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"எட்டுக்குள்ள நான் தண்ணியில இருக்கணும்ண்ணே."